எங்கள் ளகரத்தைத் திருப்பித் தாருங்கள்

வன்னி வீதிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவிக்கும் அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

எங்கள் குளக்கட்டுத் திருப்பத்தில் நாட்டிய புதுப் பலகையைப் பற்றி இரண்டு கடிதம் தந்துவிட்டோம். பதில் இல்லாதபடியால் மூன்றாவதை ஊரறிய எழுதுகிறோம். பலகையின் தமிழ் வரியில் ‘குளம்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘குலம்’ என்று இருக்கிறது. தயவுசெய்து அதை மாற்றித் தாருங்கள்.

ஓர் எழுத்துத்தானே என்று எண்ணவேண்டாம். குளம் திராவிடச் சொல். மலையாளத்திலும் குளம்தான், கன்னடத்தில் கொள. குலம் வடமொழியிலிருந்து வந்தது. சிங்களத்தில் ‘குலய’ என்றால் சாதி. தண்ணீரை வைத்துப் பெயர் பெற்ற ஊருக்குச் சாதியை எழுதி வைத்திருக்கிறீர்கள்.

பிழை எங்கே வருகிறது என்பதும் தெரிந்ததுதான். பெயர் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. ஆங்கில எழுத்தில் ல, ள இரண்டும் ஒன்றே. சிங்களத்தில் ளகரத்துக்குத் தனி எழுத்து உண்டு, ஆனால் பேச்சில் அது லகரம் போலவே ஒலிக்கும். எனவே காதால் கேட்டு எழுதிய சிங்கள எழுத்தர்மேல் எங்களுக்குக் கோபமில்லை. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்திலிருந்து திரும்பத் தமிழாக்கும் அந்த நடைமுறைமேல்தான் கோபம். இதே வழியில் போனால் ஏ-9 வீதியில் புளியங்குளம் ‘புலியங்குலம்’ ஆகும். புளியமரத்துப் பெயரைப் புலியாக்கினால் இந்த மண்ணில் அது எத்தனை பேருக்கு வினையாகும் என்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாதா கோயில் இருக்கும் மடு என்ற ஊரின் பெயர் இன்னும் மோசம். எங்களுக்கு மடு ஆழமான நீர்நிலை. சிங்களத்தில் ‘மடு’ கொட்டில்கள். ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதும் எழுத்துக்கூட்டலை அப்படியே தமிழில் வாசித்தால் ‘மது’ வரும். மாதா கோயிலுக்குப் போகும் வழிகாட்டியில் அந்தச் சொல் வரலாமா?

ஒலி ஒத்துப்போனாலும் ஏமாறலாம். சிங்கள ‘வெவ’வும் தமிழ் ‘வாவி’யும் ‘வாபீ’ என்ற ஒரே வடசொல்லின் பிள்ளைகள். ஆனால் வெவ என்பது குளம். மட்டக்களப்பாருக்கு வாவி கடலோடு கலக்கும் நீர். அகராதி மட்டும் போதாது, ஊராரையும் கேட்கவேண்டும்.

இனி இதனால் வரும் அலைச்சல். காணி அனுமதிப்பத்திரத்தில் ‘குளம்’, பலகையைப் பார்த்து எழுதிய புதிய கடிதத்தில் ‘குலம்’. கந்தோரில் இரண்டையும் அருகருகே வைத்து, இவை இரண்டு ஊர்கள் என்கிறார்கள். இரண்டும் ஒன்றே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடிக்கவேண்டும். அதற்கு ஒரு நாள் கூலி போகும். இடப்பெயர்வில் மூலப்பத்திரத்தைத் தொலைத்து, பிரதியை மட்டும் வைத்திருக்கும் வயதான தாய்மாருக்கு ஒரு நாளோடு முடிவதுமில்லை.

செய்யவேண்டியது சிறிய வேலை. பெயரைக் கிராம அலுவலரிடம் தமிழில், எழுத்தில் வாங்குங்கள். அதைப் பார்த்துச் சிங்களம் எழுதுங்கள், ஆங்கிலம் கடைசி. பலகைக் கடைக்குக் கோப்பை யுனிகோடில் அல்லது படமாகக் கொடுங்கள். பாமினியில் தட்டிய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். பிறகு யாரோ ஊகித்துத் திரும்பத் தட்டுவார்கள். தகட்டில் ஒட்டுமுன் தாளில் ஒரு மாதிரி எடுத்து, ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியரின் கையொப்பம் வாங்குங்கள். ல ள ழ, ந ன ண, ர ற ஆகியவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் பேருந்தில் கர்ப்பிணித் தாய்மாரின் இருக்கைக்கு மேலே ‘தாய்’ ‘நாய்’ ஆனதை நாடே பார்த்தது. சட்டத்தில் இடம் தந்த மொழிக்குத் தகட்டில் ஒரு சரியான எழுத்துத் தர முடியாதா? ஒவ்வொரு முறையும் நாங்களே மனு எழுதவேண்டுமா?

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. கேட்பது ஒன்றுதான்: ‘குலம்’ என்பதைக் ‘குளம்’ என்று மாற்றித் தாருங்கள். அதுவரை பலகைமேல் யாரும் தார் பூசக்கூடாது என்று இளைஞர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, கிராம அலுவலரின் முத்திரையுடன் இத்தோடு இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
குளக்கட்டடி ஊரவர்