புரோட்டீன் ரின் வாங்குவதற்கு முதல்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிளிநொச்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஜிம்முக்குப் போகும் தம்பி, தங்கைமார் கூடிவிட்டார்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, மசில் வர எந்தப் புரோட்டீன் நல்லது?" என்பதுதான். கடையில் சனம் நிற்கும் நேரத்தில் அதற்கு ஆறுதலாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

தசையை வளர்ப்பது பாரம்தான். நெல் மூடை தூக்கும் அப்பாவின் உடம்பு இறுகித்தான் இருக்கும், ஆனால் மூடையின் நிறை எந்தப் போகத்திலும் ஒன்றுதான். ஜிம்மில் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறோம். அப்படித் தூக்கிய பிறகு ஒரு நாள், ஒன்றரை நாள் வரைக்கும் தசை வழமையைவிட வேகமாகப் புதுப் புரதம் சேர்க்கும். அது சாப்பாட்டிலிருந்து வரவேண்டும். ரின்னில் இருப்பதும் சாப்பாடுதான், மருந்து இல்லை. 'வே' என்பது சீஸ் செய்யும்போது பாலிலிருந்து பிரியும் தண்ணீரை வடித்து உலர்த்திய தூள். கெதியாகச் செமிக்கும், தசை வளர்ச்சியைத் தூண்டும் லியூசின் என்ற அமினோ அமிலம் அதில் நிறைய உண்டு.

சரி, எவ்வளவு தேவை? பாரம் தூக்குகிறவருக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் போதும். அதற்கு மேலே போனால் பெரிதாகப் பலன் இல்லை. 60 கிலோ தம்பிக்கு 96 கிராம். இப்போது அவருடைய சாப்பாட்டைப் பார்ப்போம். காலையில் புட்டும் இரண்டு முட்டையும் ஏறத்தாழ 19 கிராம். மத்தியானம் சோறு, பருப்பு, நல்ல பெரிய மீன் துண்டு 37. பின்னேரம் ஒரு கை கச்சான் 8. இரவு இடியப்பமும் சோயா மீற் கறியும் 21. மொத்தம் 85. குறைவது 11 கிராம்தான். 50 கிராம் பயறை அவித்துச் சாப்பிட்டால் அது நிரம்பிவிடும், பவுடரிலென்றால் ரின்னோடு வரும் 30 கிராம் கரண்டியில் அரைவாசி. மீனும் முட்டையும் சாப்பிடாதவர்கள், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுகிறவர்கள் ஆகியோருக்குத்தான் ரின் உண்மையில் உதவும். ஜிம் முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் குடித்தே ஆகவேண்டும் என்ற அவசரமும் வேண்டாம், முழு நாளின் கணக்குத்தான் முக்கியம்.

எங்கள் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். போன வருடம் மெலிந்த தம்பி ஒருவருக்கு மாஸ் கெயினர் என்ற நிறை கூட்டும் பவுடரைக் கொடுத்துவிட்டோம். இரண்டு மாதத்தில் வயிறுதான் வந்தது. அதில் பெரும்பகுதி மாச்சத்து. லேபிளைச் சரியாக வாசித்திருந்தால் கொடுத்திருக்க மாட்டோம். நீங்களும் பாருங்கள்: 30 கிராம் கரண்டியில் 24 கிராம் அளவு புரதம் இருந்தால் அது நல்ல வே.

இனிச் சொல்வது வன்னியில் இருக்கும் எங்களுக்கு மிகவும் தேவையானது. வவுனியா உட்பட வறண்ட வலயத்தில் காரணம் தெளிவாகாத நீண்டகாலச் சிறுநீரக நோய் உண்டு. பெரும்பாலும் விவசாயக் குடும்பங்களைத்தான் அது பிடிக்கிறது. தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இந்த அளவு புரதம் கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே பழுதானவருக்கோ புரதத்தைக் குறைக்கச் சொல்லித்தான் டொக்டர் சொல்வார். அதனால் ரின் வாங்குவதற்கு முதல் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்த்துவிடுங்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதை அது காட்டும். வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் கட்டாயம் பாருங்கள். ஜிம்மில் பலம் கூட்டுவதற்குக் கிரியேட்டின் என்ற வேறொரு பவுடர் எடுப்பவர்கள் அதை டொக்டரிடம் சொல்லவேண்டும். சிறுநீரகத்தில் பிழை இல்லாவிட்டாலும் அந்தப் பவுடர் கிரியேட்டினின் அளவைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாங்கள் பவுடர் விற்பதில்லை. அவர்களுக்கு முட்டையும் பயறும் பாலும் போதும். பால் குடித்தால் வயிறு ஊதுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைந்த 'ஐசோலேட்' வகை வே எடுத்துத் தருவோம்.

கடைக்கு வரும்போது ஒரு நாள் சாப்பாட்டை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு வாருங்கள். சேர்ந்திருந்து கணக்குப் பார்ப்போம். பின்னேரம் ஐந்து மணிக்கு முன் வந்தால் சனம் குறைவு.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்,
கிளிநொச்சி