எந்த ஊசி என்று சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆபரேஷன் இல்லாமல் மூட்டு வலிக்குத் தீர்வு என்று சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று இருக்கிறதே தவிர, எந்த ஊசி என்று ஒரு வரிகூட இல்லை. ஸ்டீராய்டு, மூட்டுக்குள் வழுவழுப்புக்காகப் போடும் ஹயலுரானிக் அமிலம், நம் ரத்தத்திலிருந்தே பிரித்துப் போடும் பி.ஆர்.பி., ஜவ்வு எலும்போடு சேரும் இடத்தில் குளுக்கோஸ் கரைசலைச் செலுத்தும் புரோலோதெரபி எல்லாமே ஊசிதான். ஆனால் ஒன்றின் பலனை இன்னொன்றுக்குச் சொல்ல முடியாது.

ஸ்டீராய்டு போட்டால் வலி சீக்கிரம் குறையும், சில வாரம் தாங்கும். நடக்கவே முடியாதவருக்கு அது பெரிய விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் அதையே திரும்பத் திரும்பப் போடுவது வேறு. அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ள 140 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. பாதிப் பேருக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். 2 வருடம் கழித்துப் பார்த்தால் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது.

என் அம்மா சர்க்கரை நோயாளி. ஒரு முகாமில் முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். மறுநாளே சர்க்கரை ஏறி, இறங்கச் சில நாள் ஆனது. ஸ்டீராய்டு அப்படிச் செய்யும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. சீட்டில் மருந்தின் பெயரும் இல்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பி.ஆர்.பி.க்குத்தான் இப்போது விளம்பரம் அதிகம், செலவும் அதிகம். ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்து அதன் பலனும் உப்புநீரின் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான். புரோலோதெரபிக்கு 2013-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு நல்ல பலன் காட்டியது. ஆனால் அதில் இருந்தவர்கள் 90 பேர்தான். அமெரிக்க வாத நோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், முழங்கால் தேய்மானத்துக்கு இந்த இரண்டையும் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சியையும் எடைக் குறைப்பையும் அழுத்திச் சொல்கிறது. உங்கள் கட்டுரையில் தொடைத் தசைக்கான பயிற்சி பற்றி ஒரு பத்தியாவது வந்திருக்கலாம்.

மருந்தின் பெயர், அளவு, எத்தனை முறை போடலாம், சர்க்கரை உள்ளவர்கள் என்ன கவனிக்க வேண்டும் என்பதை எல்லாம் ஓர் எலும்பு மருத்துவரிடமும் ஒரு பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டு அடுத்த இதழிலேயே வெளியிடுங்கள். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஊசிக்கு நாள் குறித்தவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கரூர்