தோலையும் கொட்டையையும் சேர்த்து ஆராயுங்கள்: பழ ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், தஞ்சாவூர் நிஃப்டெம் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பழங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் அனைவருக்கும் வணக்கம்.

பேரணாம்பட்டு, குடியாத்தம், ஒடுகத்தூர் மலையடிவாரங்களில் மருந்தடிக்காமல் மாந்தோப்பு வைத்திருக்கும் சிலர் கூடிப் பேசி, அவர்கள் சார்பில் நான் இந்த மடலை எழுதுகிறேன். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்ககப் பழத்தை, அதாவது இயற்கை முறையில் விளைந்த பழத்தை, ஆராயும்போது சதையோடு நிறுத்திவிடாதீர்கள். தோலும் கொட்டையும் ஆராய்ச்சிக்குள் வர வேண்டும். அதுவும் எங்கள் தோப்புப் பழத்தில், எங்கள் மண்ணில் நடக்க வேண்டும். எங்களுக்குக் கட்டுபடியாகுமா ஆகாதா என்பது அதில்தான் இருக்கிறது.

மருந்தடிக்காத தோப்பில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தை, மாசியில் பூ எடுக்கும்போது தத்துப்பூச்சி வந்து சாறு உறிஞ்சும். அது விடும் பிசுபிசுப்பு இலையிலும் பிஞ்சிலும் வடிந்து, அதன்மேல் கரும்பூசணம் படரும். பூவில் தூறல் விழுந்த வருடம் என்றால் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோயின் கரும்புள்ளி. பழம் முற்றும் நேரத்தில் பழ ஈ. வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கிறோம், பழ ஈயைக் கவரும் மீத்தைல் யூஜினால் பொறி கட்டுகிறோம், விழுந்த பழத்தைப் பொறுக்கிப் புதைக்கிறோம். பலன் இருக்கிறது. ஆனால் மண்டியில் கொட்டும்போது தோலில் புள்ளி தெரிந்தால் அது இரண்டாம் ரகம், பேச்சே கிடையாது. உள்ளே செந்தூராவின் சதை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விலை தோலுக்குத்தான்.

தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். குத்தகைக்காரர் இரண்டு மூன்று வருடத்துக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். சீக்கிரம் பூ வருவதற்கு மரத்தடியில் கல்தார் என்ற வளர்ச்சி ஒடுக்கி மருந்தை ஊற்றுவார். அதிலுள்ள பேக்ளோபுட்ரசால் மண்ணில் நெடுநாள் தங்கும் சரக்கு. பல்லாண்டுப் பயிருக்குத் தேசிய அங்ககச் சான்று விதிப்படி மாற்றுக்காலம், அதாவது மருந்தை நிறுத்திச் சான்றுக்குக் காத்திருக்கும் காலம், மூன்று வருடம். ஒரு குத்தகையில் அத்தனையும் போய்விடும். அதனால் எங்களில் யாரும் குத்தகைக்கு விடுவதில்லை. நாங்களே பறித்து, நாங்களே விற்று, மிஞ்சுவதை நாங்களே ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறது.

சரி, அங்ககப் பழம் தரத்தில் உசத்தியா? வாடிக்கையாளர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. 2012-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, சத்தில் உறுதியாகச் சொல்லும்படி பெரிய வித்தியாசம் இல்லை, மருந்து எச்சம் குறைவு என்றார்கள். 2014-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் தலைமையில் 343 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், அங்கக விளைபொருளில் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருட்கள் கூடுதல், காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவு என்றார்கள். இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் பேரணாம்பட்டுச் செம்மண்ணில், கத்திரி வெயிலில் முற்றிய பங்கனபள்ளிக்கு அந்தத் தொகுப்புகள் எப்படிப் பதில் சொல்லும்? எங்கள் பழத்தின் பிரிக்ஸ் (இனிப்பின் அளவு) என்ன, புளிப்பு என்ன, உலர்பொருள் எவ்வளவு, வைக்கோலில் பழுத்தால் எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பக்கத்துத் தோப்பின் மருந்தடித்த பழத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரே ரகம், ஒரே வயது மரம், ஒரே வாரத்தில் பறிப்பு. எங்கள் பழம் தோற்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். தெரியாத பெருமையைச் சொல்லி விற்க எங்களுக்கு விருப்பமில்லை.

இந்த மாவட்டத்துக்கென்று ஒரு பரிசோதனை கட்டாயம் வேண்டும். பாலாறு தோல் பதனிடும் கழிவால் பட்ட பாடு ஊரறிந்தது. வேலூர் மக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நாடு முழுக்கப் பேசவைத்தது. மலையடிவாரத் தோப்புகள் ஆற்றுக்குத் தள்ளித்தான் இருக்கின்றன. என்றாலும் ஆற்றோரம் தென்னையும் வாழையும் வைத்து இயற்கை முறைக்கு மாறும் விவசாயிகளும் இருக்கிறார்கள். மருந்தடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்த நிலத்துப் பழம் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. கிணற்று நீரிலும் மண்ணிலும் பழத்திலும், தோல் பதனிடுவதில் பயன்படும் குரோமியம் இருக்கிறதா என்று பாருங்கள். முடிவு சாதகமாக வந்தால் எங்களுக்குத் தைரியம் வரும். பாதகமாக வந்தால் அந்த நிலத்தில் உண்ணும் பயிர் வேண்டாம் என்று முடிவெடுப்போம்.

இனி தோலுக்கு வருகிறேன். மாம்பழத் தோலையும் கொட்டையையும் சேர்த்தால் ரகத்தைப் பொறுத்துப் பழ எடையில் 35 முதல் 60 சதவீதம் வரை வரும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. குறைந்த கணக்கையே எடுத்தாலும் பத்து டன் லாரி ஒன்று மாங்கூழ் ஆலைக்குள் போனால் மூன்றரை டன் வெளியே வந்து விழுகிறது. ஆனி மாதம் சித்தூர்ப் பக்கம் ஆலைகள் ஓடும்போது அந்தச் சாலையில் போனவர்களுக்கு அந்தப் புளித்த வாடை தெரியும். அந்தத் தோலில் ஜாமை உறையவைக்கும் பெக்டின் இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மாங்கிஃபெரின் போன்ற பாலிஃபீனால்கள் சதையில் உள்ளதைவிட அதிகமாகவே இருக்கின்றன. தோலை உலர்த்தி மாவாக்கி ரொட்டியிலும் பிஸ்கெட்டிலும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் நிறைய வந்துவிட்டன.

அப்படியானால் எந்தப் பழத்தின் தோல்? லாம்ப்டா சைஹலோத்ரின் போன்ற, பூச்சிமேல் பட்டால் கொல்லும் தொடு மருந்துகள் மெழுகுப் பூச்சுள்ள தோலிலேயே பெரும்பாலும் தங்கிவிடும். சதையை மட்டும் தின்பவருக்கு அது ஓரளவு பாதுகாப்பு. ஆனால் தோலை உலர்த்தினால் நீர் போய் எடை சுருங்கும், அந்த அளவுக்கு மருந்து எச்சம் செறிந்துவிடும். பத்துக் கிலோ ஈரத்தோலில் இருந்தது இரண்டு கிலோ மாவில் வந்து உட்காரும். குழந்தைக்குக் கொடுக்கும் பிஸ்கெட்டில் அந்த மாவைச் சேர்க்க யாருக்காவது மனம் வருமா? தோலை உணவாக்க வேண்டுமென்றால் அது மருந்து படாத பழத்தின் தோலாக இருக்க வேண்டும். மண்டியில் எங்கள் விலையைக் குறைக்கிற அதே தோல், இந்த ஒரு வேலைக்கு மற்றவர்களிடம் இல்லாத சரக்கு. இதை நீங்கள் அளந்து, எண்ணில் எழுதிக் கொடுத்தால்தான் வாங்குபவர் நம்புவார். நான் சொன்னால் வியாபாரப் பேச்சாகத்தான் எடுத்துக்கொள்வார்.

தோலில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. காம்பு உடைக்கும்போது வடியும் பால் கையில் பட்டால் வெந்துபோகும், சிலருக்குக் கொப்பளமே வரும். எரிச்சல் தரும் அந்தப் பொருள் பழுத்த தோலில் எவ்வளவு மிஞ்சுகிறது, வெந்நீரில் முக்கினால் குறையுமா, சிலருக்கு ஒவ்வாமை வருமா என்பதைப் பார்க்காமல் தோல் மாவை விற்கக் கூடாது. பக்கத்துத் தோப்பில் விசைத்தெளிப்பான் ஓடினால் காற்றில் எவ்வளவு எங்கள் தோலில் படிகிறது, வரப்பிலிருந்து எத்தனை வரிசை மரத்தை விட வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

அப்புறம் கொட்டை. கொட்டையைச் சில நாள் வெயிலில் காயவிட்டு, ஓரத்தில் கத்தியால் நெம்பினால் ஓடு பிளந்துகொள்ளும். உள்ளே பழுப்புச் சவ்வு மூடிய பருப்பு. ஈரத்தில் வெட்டினால் வெள்ளையாக இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பேறும். நாக்கில் வைத்தால் துவர்ப்பு இழுத்துப் பிடிக்கும். நீலம் ரகத்தில் பத்துக் கொட்டை உடைத்தால் ஒன்றிரண்டிலாவது வண்டு உட்கார்ந்திருக்கும். பருப்பைப் பொடித்து மோரில் கலக்கி வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பது எங்கள் வீடுகளில் இன்றும் உண்டு. இந்தப் பருப்பின் கொழுப்பு கோகோ வெண்ணெய்க்கு நெருக்கமானது. 2000-ல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட சாக்லேட் விதியில், 5 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் மாங்கொட்டைக் கொழுப்பும் ஒன்று.

இவ்வளவு இருந்தும் எங்களுக்குக் கையில் எட்டவில்லை. பருப்பில் கொழுப்பு பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். எள், கடலை மாதிரி செக்கில் போட்டால் வெளியே வராது. பெரிய ஆலைகள் ஹெக்சேன் என்ற பெட்ரோலியக் கரைப்பானை ஊற்றிக் கரைத்து எடுக்கின்றன. அங்ககச் சான்று விதி ஹெக்சேனை ஏற்காது. எத்தனாலும் கரியமில வாயுவும் விதிக்குள் அடங்கும், ஆனால் அந்த இயந்திரத்தின் விலை எங்கள் கற்பனைக்கும் மேலே. ஒரு வட்டாரத்துக் கொட்டை முழுவதையும் ஓரிடத்தில் சேர்த்தால் எவ்வளவு கிடைக்கும், எந்த முறை கட்டும், கொழுப்பு எடுத்த பிறகு மிஞ்சும் மாவுச்சத்தை என்ன செய்யலாம், கொட்டையைச் சேமித்து வைக்கும்போது பூஞ்சாண நச்சு வராமல் எப்படிக் காப்பது என்பதெல்லாம் ஒரு விவசாயி தன் தோப்பில் செய்து பார்க்கக்கூடிய காரியங்களா? ஆய்வகம் உள்ளவர்கள்தான் செய்ய வேண்டும்.

பதப்படுத்தலிலும் எங்களுக்கு இதே சிக்கல். ஒரு பயிற்சிக்குப் போனோம். ஸ்குவாஷ், ஜாம் எல்லாம் அன்பாகவும் பொறுமையாகவும் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாச் செய்முறையிலும் கடைசியில், கெடாமல் இருக்க, கே.எம்.எஸ். (பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் என்ற கந்தகப் பொருள்) அல்லது சோடியம் பென்சோயேட். அங்ககத்துக்கு என்ன போடுவது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கந்தகப் பொருள் சேர்க்காமல் மாம்பழத் துண்டை உலர்த்தினால் நிறம் கறுக்கிறது. எலுமிச்சைச் சாறில் நனைத்தால் எவ்வளவு தாங்கும், ஆவியில் காட்டினால் வாசனை போகுமா, சூரிய உலர்த்தியில் எந்தத் தடிமனுக்கு எத்தனை மணி நேரம் என்று ரகவாரியாக ஒரு செய்முறை வேண்டும். ஆந்திராக்காரர்கள் தாண்ட்ரா என்று செய்கிறார்களே, பழக்கூழைப் பாயில் ஊற்றி அடுக்கடுக்காகக் காயவைப்பது, பழைய முறையில் அதில் எந்த மருந்தும் இல்லை. அதைச் சுகாதாரமாகச் செய்ய ஒரு வழி காட்டினாலே இரண்டாம் ரகப் பழத்தில் பெரும்பகுதி தப்பிக்கும்.

கூழ் ஆலைக்கு அனுப்பினால் எங்கள் பழம் மற்ற லோடோடு கலந்து அடையாளம் தொலைந்துவிடுகிறது. அந்த வழியும் நிச்சயமில்லை. 2025 ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலப் பெங்களூரா ரக மாங்காய் உள்ளே வரக் கூடாது என்று தடுத்தபோது எல்லையின் இந்தப் பக்கத்து விவசாயி என்ன ஆனார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் இருக்கிறது. எந்த அளவு இயந்திரம் வாங்கினால் இரண்டு மாதச் சீசனில் ஓட்டி வருடம் முழுக்கக் கடன் கட்டலாம் என்று தெரியாமல் அதைத் தொடப் பயமாக இருக்கிறது. தோலை வைக்கோலோடு சேர்த்து ஊறுதீவனமாக்குவது, சாணத்தோடு கலந்து எரிவாயு எடுப்பது பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறோம். உணவுக்கு உதவாத தோலுக்கு அதைச் சொல்லுங்கள், போதும்.

2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டபோது நாங்கள் உண்மையாகவே சந்தோஷப்பட்டோம். அதன் தொடர்ச்சியாக இந்த ஆராய்ச்சி நடந்தால் மரம், பழம், ஆள், களம் எல்லாம் நாங்கள் தருகிறோம். மாதிரி எடுக்க வருபவர்களுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடும் உண்டு. நாங்கள் கேட்பது இரண்டு. முடிவுகளைத் தமிழில், தோப்பு வைத்திருப்பவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எங்களிடம் முதலில் கொடுங்கள். திட்டக் காலம் முடிந்ததும் கிளம்பிவிடாமல் குறைந்தது மூன்று காய்ப்பாவது பாருங்கள், ஏனென்றால் பல மா ரகங்கள் ஒரு வருடம் நன்றாகக் காய்த்தால் மறு வருடம் ஓய்வெடுக்கும்.

தை பிறந்தால் பூ வரும். மண் மாதிரியும் கிணற்று நீரும் அதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். எந்தத் தோப்புகள், எந்த ரகங்கள் என்று முடிவு செய்ய மார்கழிக்குள் ஒரு நாள் குடியாத்தத்தில் உட்கார்ந்து பேசலாம். தேதியை நீங்கள் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு நாங்கள் தகவல் சொல்லிக்கொள்கிறோம்.

அன்புடன்,
மருந்தடிக்காத மாந்தோப்பு விவசாயிகள் சார்பில்,
பேரணாம்பட்டு வட்டம், வேலூர் மாவட்டம்