பீலித் தொட்டியில் ஐதரா

தலவாக்கலை,
மே 9.

அன்பின் தேவா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் விட்டது என் பிழைதான். முதலாவது வந்த நேரம் தவணைப் பரீட்சை. இரண்டாவது வந்த நேரம் நம்ம கலர்ச் சோக் மாஸ்டரின் செத்த வீடு. ஆமாம் மச்சான், பங்குனியில் போய்விட்டார். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானே எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்துப் பல தடவை வைத்துவிட்டேன். மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். அக்கா உன் கருவாட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சரி, இன்றைக்கு எழுதுவதற்குக் காரணம் வேறு. ஐதராவை, நன்னீரில் வாழ்கிற அந்தச் சின்னஞ்சிறு உயிரை, கண்டுவிட்டேன் தேவா, உயிரோடு!

இருபத்திரண்டு வருஷமாக அதைக் கரும்பலகையில் வரைந்து வருகிறேன். மாஸ்டர் நமக்குப் போட்டுக் காட்டிய அதே படம்: வெளிப்படை பச்சை, உட்படை சிவப்பு, இடுப்பில் ஒரு அரும்பு. போன மாதம் தரம் 10 பிள்ளை ஒருத்தி, தோட்டத்து மேல்கணக்கு லயத்தில் மலைத் தண்ணீர் வந்து விழுகிற பீலித் தொட்டியிலிருந்து ஒரு ஜாம் போத்தலில் பாசி அள்ளிக்கொண்டு வந்தாள். போத்தல் சுவரில் பழுப்பு நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அரை அங்குலம்கூட வராது. நுனியில் ஆறு பரிசக்கொம்புகள் தண்ணீரில் மெல்ல அலைந்தன. போத்தலைத் தட்டியதும் கடுகு மாதிரிச் சுருங்கிவிட்டது. "சேர், இது செடியா, பூச்சியா?" என்றாள். எனக்கு உடனே வாய் திறக்கவில்லை.

ஏன் தெரியுமா? 1740-இல் ஹேக் நகரத்துக்குப் பக்கத்தில் ஆபிரகாம் ட்ரெம்ப்ளே கேட்டதும் இதே கேள்விதான். அவரும் நம்மைப்போலப் படிப்புச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு பிரபு வீட்டில் இரண்டு பையன்களுக்கு ஆசிரியர். குளத்துத் தண்ணீரில் இதைக் கண்டார். செடியென்றால் வெட்டினால் துளிர்க்கும், விலங்கென்றால் சாகும் என்று நினைத்து இரண்டாக வெட்டினார். இரண்டு துண்டும் முழு ஐதராவாக வளர்ந்தன. ஆனால் அது நகர்ந்தது, இரை பிடித்துத் தின்றது. செடி செய்கிற வேலை இல்லையே! 1744-இல் அவர் எழுதிய புத்தகம் ஐரோப்பாவையே பேச வைத்தது. அவர் பெயரைக்கூடக் கேள்விப்படாத ஒரு தோட்டத்துப் பிள்ளை, பீலிக்கரையில் நின்று அதே கேள்விக்கு வந்துவிட்டாள். அன்று இரவு நான் தூங்கவில்லை.

நாங்களும் வெட்டிப் பார்த்தோம். புது பிளேட், தேநீர்த் தட்டு, கைவில்லை. நாலாம் நாள் அடிப்பாதித் துண்டில் கொம்புகள் குருத்துவிட்டிருந்தன. வகுப்பு முழுக்கத் தட்டைச் சுற்றி நின்றது, ஒரு சத்தம் இல்லை. அப்புறம் பின்வாங்கில் இருக்கிற பையன் ஒருவன், "அப்போ இது சாகவே சாகாதா சேர்?" என்றான்.

தின்னக் கிடைக்காவிட்டால் சாகும், இன்னொரு உயிர் அதைத் தின்றாலும் சாகும் என்றேன். ஆனால் முதுமை வருகிற அடையாளம் இல்லை. டானியேல் மார்ட்டினெஸ் என்பவர் நாலு வருஷம் வைத்துப் பார்த்து 1998-இல் அதை எழுதினார். அதன் உடற்கலங்கள் ஓயாமல் பிரிந்து பிரிந்து, பழையவை உதிர்ந்து புதியவை வந்துகொண்டே இருக்கின்றன. இதைச் சொல்லும்போது மாஸ்டரின் கடைசி நாட்கள் கண்முன்னே வந்தன. விரல் நடுங்கி ஒரு கோடு போட முடியாமல் கிடந்தார். பிள்ளை இந்தப் போத்தலைக் கொண்டு வந்தது அவர் போய் ஐந்து வாரத்துக்குப் பிறகு. அந்த ஐந்து வாரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மற்ற இடங்களிலும் தேடினோம். கீழே ஆற்றோரம், வாய்க்கால், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி, எங்கேயும் இல்லை. மேல்கணக்குப் பீலி மட்டும் காட்டுக்குள்ளிருந்து நேரே வருகிறது, தேயிலை மலையைத் தொடுவதில்லை. கொழுந்தில் கொப்புள நோய்க்கு அடிக்கிற மருந்தில் செம்பு இருக்கிறதல்லவா, ஐதரா செம்பைத் தாங்காது. குளோரினையும் தாங்காது. எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்த நூல் இருக்கிற வரைக்கும் அந்தப் பீலித் தண்ணீரில் அந்த நஞ்சு இறங்கவில்லை. திருவிழாவுக்குத் தொட்டியைக் கழுவப்போகிறார்கள் என்று கேட்டதும், விடியற்காலையிலே ஓடிப்போய் மூன்று போத்தல் பாசி எடுத்து வைத்துவிட்டேன்.

இன்னொன்று உன்னிடம் சொல்ல வேண்டும். நிலாவெளியில் உன் காலில் சொறிமுட்டை, அதுதான் ஜெல்லிமீன், பட்ட இரவு, நான் குடிதண்ணீரை ஊற்றி மணலால் தேய்த்தேன். நீ கத்தினாய், நான் இன்னும் தேய்த்தேன். அது தப்பு மச்சான். தோலில் வெடிக்காமல் ஒட்டியிருந்த, நஞ்சு முள் அடங்கிய அழன்மொட்டுச் சிறைப்பைகளையும் நான்தான் வெடிக்க வைத்தேன். கடல் தண்ணீரால்தான் கழுவியிருக்க வேண்டும். ஐதராவின் சிறைப்பை வெடிக்கிற வேகத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு வினாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால், அதில் ஒரு பங்குகூட ஆகாது, முள் பாய்ந்துவிடும். மூளை என்று ஒன்று இல்லாத உயிருக்கு இப்படி ஓர் ஆயுதம்! உன் சொறிமுட்டையும் என் ஐதராவும் பவளம் என்கிற முருகைக்கல்லும் ஒரே குடும்பம் என்பதற்கு இந்த ஆயுதம்தான் சாட்சி.

அந்த நெத்தலிப் பந்தயத்திலும் நீ தோற்றுவிட்டாய். நன்னீரிலும் சொறிமுட்டை உண்டு. 1880-இல் லண்டனில், ராட்சத அல்லி வளர்த்த தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தது. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு கிலோ, தலை கிள்ளியது, மறக்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் விடுமுறையில் 23 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உன்னிடம் வரப்போகிறேன். அதில் 19 பேர் கடலைக் கண்டதே இல்லை. ஐதராவைப் பார்த்த கண்ணோடு முருகையைப் பார்க்க வேண்டும் அவர்கள். தனக்குக் கீழே கல்வீடு கட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டி வாழ்கிற ஐதரா என்று சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்கள். நம்ம லயத்துச் சுவருக்குப் பொங்கலுக்கு அப்பா பூசின சுண்ணாம்பும் தென்கரை முருகையைச் சூளையில் சுட்டு எடுத்ததுதான். அந்த வெள்ளைக்குள்தான் நான் பிறந்தேன், கடலைப் பார்க்க எனக்குப் பதினெட்டு வயதாயிற்று.

எனக்கு ஒரு பயம் இருக்கிறது, தேவா. 1998-இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையில் முருகை பெரும்பாலும் வெளுத்துச் செத்தது, உன் நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாமலைத் தீவு அப்போது தப்பியது. வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல் ஒரு பாகை ஏறி சில கிழமை நின்றாலே போதும், உள்ளே குடியிருந்து சோறு போடுகிற நுண்ணல்காவை, அதாவது கண்ணுக்குத் தெரியாத பாசியை, முருகை வெளியேற்றிவிடுகிறது. நிறமும் போய், சாப்பாடும் போய், பட்டினியில் நிற்கிறது. இப்போது அங்கே எப்படி இருக்கிறது? உண்மையை எழுது. வெளுத்த இடம் இருந்தால் அதையும் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வேண்டும். உன் மாமாவின் படகில் எத்தனை பேர் ஏறலாம், இரண்டு நடையாகப் போக வேண்டுமா என்பதையும் எழுது. கல்லில் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள், கரையில் கிடக்கிற துண்டையும் எடுக்க மாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு.

தொலைபேசியில் சொல்லாதே. கடிதமாகவே போடு, வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும்.

உன்,
குமார்

பி.கு.: காலையில் பார்த்தேன், இடுப்பில் இருந்த அரும்பு கழன்று தனியே நிற்கிறது. போத்தலில் இப்போது ஏழு.