பாகலூரில் மனை கேட்ட மாதேசுக்கு

கிருஷ்ணகிரி
24.8.2025

அன்புள்ள மாதேசு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு வந்து சாப்பிட்ட கையோடு படித்தேன். காலையில் வீட்டிலும் ஒருமுறை படித்துக் காட்டினேன். உன் கையெழுத்து எட்டாம் வகுப்பில் இருந்த மாதிரியே இருக்கிறது, அந்த 'ழ' மட்டும் இன்னும் திரும்பவில்லை.

இங்கே எல்லோரும் நலம். மாங்காய் சீசன் முடிந்துவிட்டது. இந்த வருஷம் காய் நிறைய, விலைதான் இல்லை. பெங்களூரா ரக மாங்காயைக் கேட்க ஆளே இல்லாமல் பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று பல பேர் மரத்திலேயே விட்டுவிட்டார்கள். எங்கள் பெரியப்பா தோட்டத்தில் கீழே விழுந்து கிடந்ததைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அதை நேரில் பேசுவோம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 'ஓசூரில் ஏர்போர்ட் வருகிறதாமே, பாகலூர் பக்கம் ஒரு மனை பார்த்து வை' என்று எழுதியிருக்கிறாய். போனில் சொல்லியிருந்தால் 'சரி, பார்க்கலாம்' என்று சொல்லியிருப்பேன். எழுத்தில் கேட்டதால் இரண்டு நாள் யோசித்தேன். பாகலூரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பெங்களூர் ஏர்போர்ட் இருக்கிற தேவனஹள்ளியில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு இந்த மே 24-ல் பதினேழு வருஷம் முடிந்து பதினெட்டு நடக்கிறது. நீ வெளிநாடு போனதற்கும் அதே வயசுதான். ஞாபகம் இருக்கிறதா? மார்ச் கடைசியில் திறப்பதாகச் சொன்னார்கள், அப்புறம் மே 11 என்றார்கள், கடைசியில் 2008 மே 24-ல்தான் திறந்தார்கள். உன் டிக்கெட் பழைய ஏர்போர்ட்டிலிருந்தா புதுசிலிருந்தா என்று டிராவல்ஸ்காரனையே நாம் மூன்று முறை கேட்டோம். அன்று நான் புதுசாக வாங்கிய இண்டிகாவில் நீ, அம்மா, உன் தம்பி. அத்திப்பள்ளியில் பர்மிட் போட்டுவிட்டு மடிவாளா வரை வழி எனக்குத் தெரியும். அதற்கப்புறம் ஒவ்வொரு சிக்னலிலும் கண்ணாடியை இறக்கி வழி கேட்டுக்கொண்டே போனோம். ஹெப்பால் தாண்டியதும் இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தலும் வெறும் மேடுமாக இருந்தது. 'இந்தக் காட்டுக்குள்ளயா விமானம் வருது?' என்று அம்மா கேட்டார்கள்.

வாசலில் டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடவில்லை. புளிச்சோற்றுப் பொட்டலத்தை உன் கையில் கொடுத்துவிட்டு அம்மா அந்தக் கண்ணாடிச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து நின்றார்கள். நீ திரும்பிப் பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது. கை எடுத்த பிறகும் அந்தத் தடம் கண்ணாடியில் கொஞ்ச நேரம் இருந்தது.

மூன்று வருஷம் கழித்து அதே அம்மாவுக்காக நீ வந்தாய். விடிகாலை நாலு மணிக்கு இறங்கினாய், பெட்டி வந்து நீ வெளியே வர ஐந்தாகிவிட்டது. ஹெப்பாலில் ஒரு லாரி படுத்துவிட்டது. சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டும்போது மணி எட்டரை. ஊரில் இருந்து போனுக்கு மேல் போன், வெயில் ஏறுகிறது, எப்போது எடுப்பது என்று. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. சூளகிரி மலை தெரிந்ததும்தான் உடைந்தாய். இத்தனை வருஷத்தில் அந்த ரோட்டில் எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன், அந்த நூற்று முப்பது கிலோமீட்டர் மாதிரி நீண்ட தூரத்தை நான் ஓட்டியதில்லை.

அதனால் ஓசூரில் ஏர்போர்ட் வேண்டுமா என்று யாராவது கேட்டால் எனக்கு ஒரே பதில்தான். வேண்டும். நம் மாவட்டத்தில் ஒரு விமான நிலையம் இருந்திருந்தால் அன்றைக்கு ஒன்றரை மணி நேரத்தில் உன்னை வீட்டில் சேர்த்திருப்பேன்.

தேவனஹள்ளி எப்படி வளர்ந்திருக்கிறது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, நீயே வந்து இறங்குகிறாய். ஆனாலும் கணக்கைக் கேள். பழைய எச்.ஏ.எல். ஏர்போர்ட் மூடும் சமயத்தில் வருஷத்துக்கு ஒரு கோடிப் பேர் வந்து போனார்கள், அதற்கே மூச்சு முட்டியது. போன நிதியாண்டில் தேவனஹள்ளியில் 4 கோடியே 18 லட்சத்துக்கு மேல். நாலாயிரம் ஏக்கர், நாலு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு ஓடுபாதை. இரண்டாவது ஓடுபாதை 2019 டிசம்பரில் வந்தது. இரண்டாவது முனையத்தை 2022 நவம்பரில் திறந்தார்கள். பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடாவின் 108 அடிச் சிலையைத் திறந்ததும் அதே நாள்தான். இதுவும் போதாமல் பெங்களூருக்கு இன்னொரு ஏர்போர்ட் வேண்டும் என்று கனகபுரா ரோடு பக்கமும் நெலமங்கலா பக்கமும் இடம் பார்த்திருக்கிறார்கள்.

வாசல் வரைக்கும் எத்தனை நூறு முறை போயிருப்பேனோ, உள்ளே போனது போன வருஷம்தான். மகள் டெல்லிக்குக் கூட்டிப் போனாள். டீ டூ என்கிற அந்த இரண்டாவது முனையத்தில் நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். தூணெல்லாம் மூங்கில், கூரையெல்லாம் மூங்கில், மேலே இருந்து செடி தொங்குகிறது. அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் அப்பா மாங்காய்க் கூடை முடைவாரே, மூங்கிலைப் பிளந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு 'இது பதம்' என்பாரே, அந்த வழவழப்பு. மகள், 'என்னப்பா, செக்கிங்குக்கு நேரமாகுது' என்று கையைப் பிடித்து இழுத்தாள். நல்ல கட்டடம் மாதேசு. அதைக் கட்டியவர்கள் கையெடுத்துக் கும்பிடத் தகுந்தவர்கள்.

ஆனால் அந்த மண்ணில் முன்னால் என்ன இருந்தது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு மூன்று வருஷம் பார்க்கிங் காசு மிச்சம் பிடிக்க ஊருக்கு முன்னாலேயே ஒரு தோப்போரம் வண்டியைப் போட்டுவிட்டு விமானம் இறங்கக் காத்திருப்பேன். அந்தத் தோப்புக்காரப் பெரியவர் சக்கோத்தா விற்பார், நாம் பம்பளிமாசு என்கிறோமே அதுதான். தேவனஹள்ளி சக்கோத்தா புவிசார் குறியீடு வாங்கிய பழம். ஒரு விரல் தடிமனுக்குத் தோல், அதை அவர் அரிவாள் முனையால் நாலாகக் கீறி, உள்ளே வெள்ளைப் பஞ்சை உரித்து, ரோஜா நிறச் சுளையை உள்ளங்கையில் வைப்பார். அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்குக் கன்னடம் அரைகுறை. பேச்சுக்குக் குறைவே இருந்ததில்லை. ரோட்டை அகலப்படுத்த முதலில் கொஞ்சம் போனது. மிச்சத்தை நல்ல விலை என்று விற்றார். வீடு கட்டினார், கல்யாணம் செய்தார், ஒரு கார் வாங்கினார். இப்போது அவர் மகன் ஏர்போர்ட்டில் டாக்சி ஓட்டுகிறான். அவனும் நானும் ஒரே கடையில் டீ குடிக்கிறோம். 'அப்பா கையில் காசு இருந்த வருஷங்கள் மூணு, தோப்பு இருந்த வருஷங்கள் முப்பது' என்று அவன் ஒருநாள் சொன்னான்.

அதே தாலுகாவில் சென்னராயபட்டணா பக்கம் விமானத் தொழில் பூங்காவுக்காக 1,777 ஏக்கர் எடுக்கப் போகிறோம் என்றார்கள். அந்த ஜனங்கள் 2022 ஏப்ரலில் போராட்டத்தில் உட்கார்ந்தவர்கள், ஆயிரம் நாளுக்கு மேல் எழுந்திருக்கவில்லை. போன மாதம் 15-ம் தேதி கர்நாடக அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அன்றைக்கு நான் அங்கேதான் ஒரு சவாரியை ஏற்றப் போயிருந்தேன். டீக்கடையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள், எனக்கும் கிடைத்தது.

இப்போது பாகலூர். 2024 ஜூன் 27-ல் சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார்: ஓசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடிப் பேர் வந்து போகிற மாதிரி ஒரு பன்னாட்டு விமான நிலையம். பேரிகைக்கும் பாகலூருக்கும் இடையில் இடம் என்கிறார்கள். தேவனஹள்ளி ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அது திறந்த நாளிலிருந்து 25 வருஷத்துக்கு 150 கிலோமீட்டருக்குள் புதுசாக இன்னொன்று வரக்கூடாது, மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. அதாவது 2033 வரை. பெலகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் எத்தனையோ வருஷமாக இருந்தும் அங்கே இருந்து நாம் ஏறிப் போக முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, நாளைக்கே ஒன்றும் வந்துவிடாது.

ஆனால் மனை மட்டும் வந்துவிட்டது. போன மாதம் ஒரு சவாரியை விட்டுவிட்டு பேரிகை வழியாகத் திரும்பினேன். கேழ்வரகு வயல், முட்டைக்கோஸ், தக்காளி, நடுநடுவே ரோஜாக் குடில்கள். ஒரு குடிலில் சாயங்காலம் பூ வெட்டிக்கொண்டிருந்தார்கள். இருபது பூவை ஒரே மட்டத்தில் அடுக்கி, அட்டையைச் சுற்றி, ரப்பர் மாட்டி, தண்ணீரில் நிற்க வைக்கிறார்கள். பிப்ரவரி ஆனால் அந்தப் பூதான் ராத்திரியோடு ராத்திரியாகக் குளிர் வண்டியில் தேவனஹள்ளிக்குப் போய் நீ இருக்கிற நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் ஏறுகிறது. ஓசூரிலேயே விமானம் இருந்தால் அவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்! அதே சமயம் ஏர்போர்ட் வந்தால் அந்தக் குடில் இருக்குமா? இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கிறவர்கள்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். அந்தக் குடிலுக்கு எதிரிலேயே 'ஏர்போர்ட் சிட்டி' என்று ஒரு போர்டு. கல் நட்டு, கொடி கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் எனக்குக் கவலை, தண்ணீர். தென்பெண்ணை எங்கே பிறக்கிறது தெரியுமா? நந்தி மலையில், தேவனஹள்ளிக்குப் பக்கத்தில். அங்கே இருந்து ஹோஸ்கோட்டை, கெலவரப்பள்ளி அணை, அப்புறம் நம் கிருஷ்ணகிரி அணை. பெங்களூர் வளர்ந்த வளர்ச்சியெல்லாம் நுரையாகக் கெலவரப்பள்ளியில் மிதக்கிறது, நீயும் படத்தில் பார்த்திருப்பாய். நாம் நீச்சல் பழகிய தண்ணீர் அது. புது ஏர்போர்ட்டும் அதைச் சுற்றி ஒரு ஊரும் வந்தால் அதன் கழிவுநீர் எங்கே போகும், எந்த ஏரி மூடும் என்பதை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். ஓடுபாதை போட்ட பிறகு கேட்டால் யார் காதில் விழும்?

அதனால் மாதேசு, மனை வேண்டாம். எல்லை முடிவாகாத இடத்தில் வாங்கினால் உள்ளே விழுந்தால் அரசு எடுக்கும், ஓடுபாதைக்கு நேரே விழுந்தால் மாடி கட்ட விடமாட்டார்கள். இது டாக்சிக்காரனாக நான் சொல்வது. நண்பனாகச் சொல்வது வேறு. அங்கே இப்போது விற்கிறவன் பயந்து விற்கிறான், 'எப்படியும் போகப் போகிறது, கிடைத்த வரை லாபம்' என்று. அந்தப் பயத்தை நாம் விலைக்கு வாங்க வேண்டாம். அவன் அரசிடமே நேராக நல்ல விலையும், ஏர்போர்ட்டில் வீட்டுக்கு ஒரு வேலையும் கேட்டு வாங்கட்டும். உனக்கு ஊரில் இடம் வேண்டுமென்றால் அம்மா வீட்டுக் கூரையை மாற்று. போன மழையில் பின்கட்டு ஒழுகியது, நான்தான் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறேன். வாசல் வேம்பு நன்றாக இருக்கிறது.

என் பிழைப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த மாதம் பத்தாம் தேதி ஓசூர் ரோட்டில் பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோவைத் திறந்துவிட்டார்கள். சில்க் போர்டிலிருந்து ஏர்போர்ட்டுக்கும் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது முடிந்தால் பாதிப் பேர் என் வண்டியில் ஏறமாட்டார்கள். வரட்டும். ரயிலே இல்லாத ஊர் நம்முடையது. திருப்பத்தூரில் இருந்து வந்துகொண்டிருந்த சின்ன ரயிலையும் அந்தக் காலத்திலேயே நிறுத்திவிட்டார்கள் என்று தாத்தா சொல்லிச் சொல்லியே செத்தார். ஒரு வழி திறக்கும்போது என் ஒருவன் கணக்கைப் பார்க்கக்கூடாது.

டிசம்பரில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டி வா. விடிகாலை மூன்று மணிக்குள் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடு, ஹெப்பால் காலியாக இருக்கும். டீ டூ வருகை வாசலில் வலது பக்கத் தூணருகே நிற்பேன். பேரிகை வழியாகவே கூட்டி வருகிறேன், நீயே ஒருமுறை பார்.

அன்புடன்,
முனிராஜ்