மடிப்பாக்கம் வீட்டு விலை பற்றி

அன்புள்ள கண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. நீ சொன்ன மடிப்பாக்கம் வீட்டை நேற்று இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

72 லட்சம் கேட்கிறார்கள். 950 சதுர அடி, அடி 7,600கூட வரவில்லை, இந்த ஏரியாவுக்கு இது மலிவு என்கிறார் புரோக்கர். அப்பா டேப் பிடிக்க, நான் குறித்துக்கொண்டேன். ஹால், இரண்டு பெட்ரூம், சமையலறை, பாத்ரூம் எல்லாம் சேர்த்து நாம் புழங்கும் இடம் 690 அடிதான். மிச்சமெல்லாம் வெளிச்சுவர், பால்கனி, படிக்கட்டு, லிஃப்டில் நம் பங்கு. கணக்குப் போட்டால் உள்ளே அடிக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கொடுக்கிறோம்.

ஆனாலும் எனக்கு முக்கியம் இந்த 950-உம் இல்லை, 690-உம் இல்லை. பத்திரத்தில் யுடிஎஸ், அதாவது கட்டடம் நிற்கும் மனையில் நமக்கென்று எழுதும் பிரிபடாத பங்கு, எவ்வளவு என்பதுதான். 1998-இல் நாங்கள் இப்போது இருக்கும் வீட்டை வாங்கியபோது அதைப் பார்க்கவே இல்லை. அப்போது நான் வங்கியில் கடன் பிரிவுக்கு வந்திருக்கவில்லை. பில்டர் நீட்டிய இடத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். பிரிபடாத மனை 210 அடி என்று எழுதியிருந்தது. அதே அளவு வீட்டுக்கு மேல்மாடிக்காரர்களுக்கு 290. இப்போது கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்று பேச்சு நடக்கிறது. புதுச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதித்தாலே போதும். யாருக்கு எவ்வளவு இடம் என்று பேச உட்கார்ந்தால் அந்த 80 அடிதான் முதலில் வந்து நிற்கிறது. அப்பா இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. உனக்கு அது வேண்டாம்.

நல்லவேளை, மடிப்பாக்கம் வீட்டுக்கு யுடிஎஸ் 420 இருக்கிறது. அந்தத் தெருவில் காலி மனை அடி 9,000-க்குப் போகிறது. அப்படியென்றால் மண்ணுக்கு மட்டும் கிட்டத்தட்ட 38 லட்சம். கட்டடத்தை இன்றைக்குக் கட்டினால் அடிக்கு 2,500 என்று வைத்துக்கொள், 24 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 14 வருஷம் ஆன கட்டடம், அறுபது வருஷ ஆயுளில் தேய்மானம் போக 18 லட்சம் நிற்கும். கார் பார்க்கிங், மர வேலைப்பாடு என்று தாராளமாகவே சேர்த்தாலும் 60-ஐத் தாண்டவில்லை. கடன் கொடுக்கும் முன் வீட்டுக்கு மதிப்புப் போடும் வங்கி வேல்யூயர்களும் ஏறக்குறைய இப்படித்தான் போடுவார்கள். எத்தனை ரிப்போர்ட் என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கிறது! வேல்யூயர் 60 என்று எழுதினால் உனக்கு 80 சதவீதக் கடன் 60-க்குத்தான், 72-க்கு இல்லை. 48 லட்சம் வரும், மீதி 24 லட்சம் உன் கையிலிருந்து. பழைய வீடு என்பதால் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் 9 சதவீதம் தனி.

சர்வே எண்ணை வைத்து வில்லங்கமும், அதாவது அந்த மனையில் பதிவான பத்திரங்களின் பட்டியலும், போட்டுப் பார்த்தேன். அதே பிளாக்கில் இரண்டாம் மாடி வீடு ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் 56 லட்சத்துக்குப் பதிவாகியிருக்கிறது. பத்திரத்தில் காட்டிய தொகை அது, கூடக்கொஞ்சம் கை மாறியிருக்கலாம். இருந்தாலும் 72 எங்கே, 56 எங்கே?

மெட்ரோ வருகிறது, வந்தால் விலை எகிறும் என்றார் புரோக்கர். சோழிங்கநல்லூர் போகிற ஐந்தாம் வழித்தடம் மடிப்பாக்கம் வழியாகத்தான் போகிறது, மறுக்கவில்லை. நாளைக்கு ஏறப்போகிற விலையை இன்றைக்கே நம்மிடம் வாங்கிக்கொண்டால் நமக்கு என்ன மிச்சம்?

அப்புறம் ஒரு விஷயம். கீழே கார் நிறுத்தும் இடத்தில் சுவருக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மீட்டர் பெட்டிக்குப் பின்னால் மட்டும் பிரஷ் போகவில்லை. அங்கே என் இடுப்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. வாட்ச்மேனைக் கேட்டேன். 2015 டிசம்பர் தண்ணீர் என்றார், மூன்று நாள் நின்றதாம். நம் வீடு முதல் மாடி, உள்ளே வராது. ஆனால் கார், மோட்டார், லிஃப்ட் எல்லாம் கீழேதானே இருக்கிறது? தெருமுனை இஸ்திரிக்காரர் வேறு, கோடையில் வாரத்துக்கு மூன்று லாரித் தண்ணீர் இறங்குகிறது என்றார். மெயின்டனன்ஸ் எவ்வளவு என்று கேட்டால் புரோக்கர் வாயில் பதில் இல்லை.

வீடு எனக்குப் பிடித்திருக்கிறது. சமையலறையில் காலை வெயில் நேராக விழுகிறது, மருமகளுக்கும் பிடிக்கும். 58-இல் பேச்சை ஆரம்பி. 62 வரை போகலாம், அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம். மூலப்பத்திரமும் அப்ரூவல் பிளானும் நகல் கேட்டிருக்கிறேன், வியாழக்கிழமை தருவதாகச் சொன்னார்கள். அதைப் பார்க்கிற வரை அட்வான்ஸ் என்று எதையும் அனுப்பிவிடாதே.

அன்புடன்,
அம்மா