சூஸ்தலிலிருந்து வந்த போட்டோ

கயல் கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே குளிர் மைனஸ் இருபதுக்குக் கீழே போய்விட்டது என்று செய்தியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

மூன்று வாரமாகப் போன் இல்லை. நேற்று ஒரு போட்டோ மட்டும் வந்தது, ஒரு வரிகூட இல்லாமல். வெள்ளை மதிலையும் மூன்று கும்மட்டத்தையும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சூஸ்தல் பக்ரோவ்ஸ்கி கன்னிமாடம். நான் ரஷ்யாவில் படித்தபோது, 1984 குளிர்காலத்தில் காலேஜில் எங்களைக் கூட்டிப்போனார்கள். அப்போது அங்கே ஒரு கன்னியாஸ்திரீகூடக் கிடையாது. உள்ளேயே மரக்குடில் கட்டி டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். 1992-க்கு அப்புறம்தான் திரும்ப மடமானது. 1364-ல் தொடங்கிய இடம்!

சலமோனியா கதையை கைடம்மா சொல்லித்தான் கேட்டேன். மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் வசீலி ராஜா 1505-ல் அவளைக் கட்டினான். பிள்ளை வேண்டுமென்று வேண்டிக்கொண்டுதான் அந்த மடத்துப் பெரிய கோயிலுக்குப் பணம் கொடுத்தானாம். இருபது வருஷம் பார்த்துவிட்டு, 1525-ல் அவளுக்குக் கட்டாயத் துறவறம் கொடுத்தான். அவள் முக்காட்டைத் தரையில் வீசி மிதித்ததாகவும், ராஜாவின் ஆள் சாட்டையால் அடித்ததாகவும் ஹெர்பர்ஷ்டைன் என்ற தூதர் எழுதிவைத்திருக்கிறார். பிறகு சூஸ்தலுக்கு அனுப்பிவிட்டார்கள். ராஜா சில மாதத்திலேயே எலேனாவைக் கட்டிக்கொண்டான். அப்படியும் மகன் இவான் பிறக்க 1530 ஆகிவிட்டது.

மடத்தில் சலமோனியாவுக்கே ஒரு மகன் பிறந்தான், யாரும் கொன்றுவிடக் கூடாதென்று செத்துப்போனதாகப் பொய்ச் சவ அடக்கம் செய்து ஒளித்துவிட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு. 1934-ல் அவள் கல்லறைப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லறையைத் திறந்தால் எலும்பே இல்லையாம். கந்தலைச் சுருட்டி, முத்துத் தைத்த குழந்தைச் சட்டை போட்டு வைத்திருந்தார்களாம். நிஜமோ கதையோ, அந்தச் சட்டை மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை.

பீட்டர் ராஜாவும் 1698-ல் தன் பெண்டாட்டி யெவ்தக்கியாவை இதே மதிலுக்குள்தான் தள்ளினார். அவளுக்கு மகன் இருந்தான். பிள்ளை என்பதெல்லாம் ஒரு சாக்கு, கண்ணு.

இப்போது சலமோனியா அவர்களுக்குப் புனிதை. பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் அவள் கல்லறைக்கு வருகிறார்களாம். நீ எதற்குப் போனாய் என்று நான் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. காதை மூடிக்கொள்.

என்னைவிட நன்றாக ரஷ்யன் பேசுகிறாய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். அதே வாயால் அப்பனோடு இரண்டு வார்த்தை பேசினால் என்னவாம்?

நானும் உன்னிடம் ஒன்று பேசாமலே இருந்துவிட்டேன். கைடம்மா கதை சொன்னபோது, 'இவனெல்லாம் ஒரு ராஜாவா' என்று சத்தமாகக் கேட்டவன் நான்தான். எனக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி ஆறாவது வருஷம், உன் அப்பத்தா உடுமலைப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனாள். எதற்கென்று தெரிந்தேதான் போனேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்து பஜ்ஜி தின்றேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. நானாக நிறுத்தினேன் என்றுதான் சொந்தத்தில் பேச்சு. இல்லை. பெண் வீட்டார்தான் வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். அன்றைக்கு சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா கோழியை அடைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு கோழி குறையுதுங்க" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை, இன்றுவரை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் கழித்து நீ பிறந்தாய்.

போன ஞாயிறு மாப்பிள்ளையின் பெரியப்பா வந்திருந்தார். காபி குடித்தார். சுற்றிச் சுற்றி அதே பேச்சு. இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. என்ன சொன்னேன் என்று அம்மாவிடம் கேள், கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. டிக்கெட்டுக்குப் பணம் போட்டிருக்கிறேன். வருவதானாலும் வராததானாலும் ஒரு போன் பண்ணு. ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அப்பா